ஸ்கேனரை ‘பாவனைக்குதவாதது’ என்று எழுதுவதற்கு முன்: கணினிக்குள் ஒரு கணினியும் யூ.எஸ்.பி. கருவிகளும்

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஆதரவு முடிவுக்கு வந்தது. அதை முன்னிட்டும் அதற்குப் பின்னரும் பாடசாலைகளிலும் அரபுக் கல்லூரிகளிலும் பள்ளிவாசல் காரியாலயங்களிலும் விண்டோஸ் 11 உடன் புதிய கணினிகள் வரத் தொடங்கியுள்ளன. பழைய மாணவர் சங்கமோ ஊரின் தனவந்தர் ஒருவரோ வாங்கித் தருகிறார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டாவது நாள் ஒருவர் வந்து சொல்வார்: “சேர், ஸ்கேனர் வேல செய்யுதில்ல.”

வயரைக் கழற்றிப் பூட்டிப் பார்ப்பார்கள். வேறு போர்ட்டில் மாட்டிப் பார்ப்பார்கள். கடைக்காரரைக் கேட்டால், “இது பழசு, புதுசு ஒன்று எடுங்க” என்பார். அடுத்த வருடப் பொருட் கணக்கெடுப்பில் அந்த ஸ்கேனர் ‘பாவனைக்குதவாதவை’ என்ற நிரலுக்குள் போய்விடும். நேற்று வரை வேலை செய்த கருவி அது. அதன் விளக்கு எரிகிறது, அதன் மோட்டார் நகர்கிறது, கண்ணாடியில் கீறல் கூட இல்லை.

2022 பொருளாதார நெருக்கடியின்போது ஒரு டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. இறக்குமதிப் பொருளொன்றை மீண்டும் வாங்குவதென்பது இன்று இலேசான விடயமல்ல. அந்தப் பணம் பெரும்பாலும் பெற்றோரிடமோ ஜமாஅத்தினரிடமோ சேகரித்த பணம். ஆகவே ஒரு கருவியைக் கழிப்பதற்கு முன் அது உண்மையிலேயே பழுதடைந்துள்ளதா என்று கேட்பது நிருவாகத்தில் இருப்போரின் பொறுப்பாகும். இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான ஒரு வழியைப் பற்றியது. கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக இயக்கி, யூ.எஸ்.பி. கருவியை அதனிடம் ஒப்படைப்பதே அந்த வழி.

உண்மையில் என்ன நடந்திருக்கிறது?

ஒவ்வொரு கருவிக்கும் கணினிக்கும் இடையில் ட்ரைவர் எனப்படும் ஒரு சிறு மென்பொருள் தேவை. கருவியின் மொழியைக் கணினிக்கும், கணினியின் மொழியைக் கருவிக்கும் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அது. எக்ஸ்.பி. காலத்து ஸ்கேனர்கள் பலவற்றுக்கு அவற்றின் உற்பத்தியாளர்கள் 32 பிட் விண்டோஸுக்கான ட்ரைவரை மட்டுமே எழுதினார்கள். எமது நாட்டில் பரவலாகப் பாவிக்கப்பட்ட கெனன் லைட் 20, லைட் 30 ஆகிய தட்டை ஸ்கேனர்கள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றுக்கு 64 பிட் ட்ரைவர் வெளிவரவேயில்லை.

64 பிட் விண்டோஸ் 32 பிட் ட்ரைவரை ஏற்காது. சாதாரண 32 பிட் மென்பொருட்களை அது ஓடவிடும். ஆனால் ட்ரைவர் என்பது பணிசெயல் முறைமையின் கருவுக்குள் போய் உட்காரும் பகுதி என்பதால் அங்கே இந்தச் சலுகை கிடையாது. விண்டோஸ் 10 இல் 32 பிட் பதிப்பும் இருந்தது. அதனால் சில பழைய ட்ரைவர்கள் அங்கே எப்படியோ ஓடிக்கொண்டிருந்தன. விண்டோஸ் 11 இலோ 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு. கதவு முழுமையாக மூடப்பட்டுவிட்டது. ஆகவே ஸ்கேனர் பழுதடையவில்லை. அதன் மொழிபெயர்ப்பாளருக்குப் புதிய வீட்டில் இடமில்லை, அவ்வளவுதான்.

மெய்நிகர் இயந்திரம் என்பது என்ன?

கணினிக்குள் ஒரு மென்பொருளை நிறுவுகிறோம். அந்த மென்பொருள் ஒரு முழுக் கணினியைப் போல நடிக்கிறது. அதற்கென நினைவகம், வன்தட்டு, திரை, யூ.எஸ்.பி. போர்ட் எல்லாம் இருப்பதாகக் காட்டுகிறது. அதற்குள் இன்னொரு பணிசெயல் முறைமையை நிறுவலாம். விண்டோஸ் 11 திரையில் ஒரு ஜன்னலுக்குள் லினக்ஸோ பழைய விண்டோஸோ ஓடும். இதைத்தான் மெய்நிகர் இயந்திரம் என்கிறோம். விளங்குவதற்கு இலேசாக, மேசையில் இருக்கும் உண்மையான கணினியை ‘வெளிக் கணினி’ என்றும், ஜன்னலுக்குள் ஓடுவதை ‘உள் கணினி’ என்றும் இங்கு குறிப்பிடுகிறேன்.

இதற்கான மென்பொருட்களில் வேர்ச்சுவல் பொக்ஸ் பரவலாக அறியப்பட்டது. இன்னொடெக் என்ற ஜேர்மன் நிறுவனம் தொடங்கியது. 2008 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸும், 2010 இல் சன் நிறுவனத்தை வாங்கிய ஒரக்கிளும் அதற்கு உரிமையாளர்களாயின. அதன் அடிப்படைப் பொதி திறந்த மூல மென்பொருள், இலவசமானது. வி.எம்.வெயார் வேர்க்ஸ்டேஷன் ப்ரோ என்ற மற்றொன்று முன்பு விலைக்கு விற்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அதுவும் அனைவருக்கும் இலவசமாகியுள்ளது. விண்டோஸின் ப்ரோ பதிப்புகளில் ஹைப்பர்-வி என்ற வசதி உண்டு. ஆனால் யூ.எஸ்.பி. கருவியை நேரடியாக உள் கணினிக்கு ஒப்படைக்கும் வசதி அதில் இல்லை. ஆகவே எமது நோக்கத்துக்கு முதல் இரண்டுமே பொருத்தமானவை.

ஒரு கருவி, ஒரு நேரத்தில் ஒரு கணினி

இந்த முயற்சியில் இறங்கும் பலர் பாதி வழியில் கைவிடுவதற்கு ஒரே ஒரு விடயம்தான் காரணம். ஸ்கேனரை மாட்டுகிறார்கள். வெளிக் கணினி ‘டிங்’ என்று ஒலி எழுப்புகிறது. உள் கணினியில் எதுவும் தெரிவதில்லை. “இது சரிவராது” என்று விட்டுவிடுகிறார்கள்.

யூ.எஸ்.பி. கருவி நூலகப் புத்தகத்தைப் போன்றது. ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் வழங்க முடியும். மாட்டியவுடன் அது வெளிக் கணினியின் பெயரில் பதிவாகிறது. அங்கிருந்து திருப்பி எடுத்து, உள் கணினியின் பெயரில் பதிந்தால்தான் உள் கணினிக்கு அது தெரியும். உள் கணினி அதை வைத்திருக்கும் வரை வெளிக் கணினிக்கு அது இல்லாததற்குச் சமம். வி.எம்.வெயாரின் பட்டியலில் இந்தக் கட்டளையே “இணைக்கவும், வெளிக் கணினியிலிருந்து துண்டிக்கவும்” என்ற பொருளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே செயல்.

ஏன் இரண்டும் சேர்ந்து பாவிக்க முடியாது? பென்டிரைவை எடுத்துக்கொள்வோம். எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை அதற்குள் உண்டு. அதை வாசித்த கணினி, தன் நினைவகத்தில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டே வேலை செய்கிறது. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் எழுதினால், ஒன்று வெறுமையென்று நினைக்கும் இடத்தில் மற்றது ஏற்கெனவே எழுதியிருக்கும். சில நிமிடங்களில் பென்டிரைவே குழம்பிவிடும். ஸ்கேனருக்கும் இதே நிலைதான். அதன் வாசிக்கும் தலை எங்கே நிற்கிறது என்பதை ஒரு ட்ரைவர்தான் கணக்கு வைத்திருக்க முடியும். ஒரே வண்டியை இருவர் ஓட்ட முடியாது.

பிறகு எப்படி விண்டோஸ் 11 இன் மேல் பழைய ஸ்கேனர் வேலை செய்கிறது? இங்குதான் இந்த முறையின் அழகு இருக்கிறது. கருவி உள் கணினிக்கு ஒப்படைக்கப்பட்ட பின்னர், வெளிக் கணினி வெறும் தபால்காரராகிவிடுகிறது. ஸ்கேனரிலிருந்து வரும் தகவற் பொதிகளை உடைத்துப் பார்க்காமல் உள்ளே கொடுக்கிறது, உள்ளிருந்து வருவதை ஸ்கேனருக்குக் கொடுக்கிறது. கடிதத்தின் மொழி தபால்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதனால் வெளிக் கணினிக்கு அந்த ஸ்கேனரின் ட்ரைவரே தேவையில்லை. ‘அறியப்படாத கருவி’ என்று விண்டோஸ் 11 சொன்னாலும் பரவாயில்லை. மொழிபெயர்ப்பாளர் உள் கணினியில் இருந்தால் போதும்.

உள்ளே எதை நிறுவுவது?

இரண்டு தெரிவுகள் உள்ளன. ஒன்று, பழைய விண்டோஸ். மற்றது லினக்ஸ்.

எக்ஸ்.பி. நிறுவுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் இரண்டு விடயங்களைச் சிந்திக்க வேண்டும். முதலாவது, அனுமதிப்பத்திரம். பழைய கணினியுடன் வந்த விண்டோஸ் அனுமதி பெரும்பாலும் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. இன்னொரு இயந்திரத்தில் அதை நிறுவ உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். களவுப் பிரதியைப் பாவிப்பது எந்த நிறுவனத்துக்கும் அழகல்ல, பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கும் இடத்துக்கு அறவே ஆகாது. இரண்டாவது, பாதுகாப்பு. எக்ஸ்.பி.யின் ஆதரவு 2014 ஏப்ரல் 8 இலும், விண்டோஸ் 7 இன் ஆதரவு 2020 ஜனவரி 14 இலும் முடிந்துவிட்டன. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் பரவியபோது, ஏற்கெனவே கைவிட்ட எக்ஸ்.பி.க்குக் கூட மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது. அத்தகைய பழைய முறைமையை உள் கணினியாகப் பாவிப்பதாயின் அதற்கு இணைய இணைப்பே கொடுக்கக் கூடாது. அமைப்புகளில் வலையமைப்புப் பகுதிக்குச் சென்று அதைத் துண்டித்து வைக்க வேண்டும்.

லினக்ஸில் இந்த இரண்டு சிக்கலும் இல்லை. அது இலவசம், அனுமதிப் பிரச்சினை கிடையாது, பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன. ‘சேன்’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் உருவாக்கிய ஸ்கேனர் ட்ரைவர் தொகுப்பு லினக்ஸில் உண்டு. உற்பத்தியாளர்கள் கைவிட்ட பல ஸ்கேனர்கள் அதில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. நான் மேலே சொன்ன லைட் 20, லைட் 30 இரண்டும் அதற்குள் அடங்குகின்றன. லினக்ஸ் மின்ட் போன்ற ஒரு பதிப்புக்கு 2 ஜீ.பீ. ரேம் நினைவகமும் 20 ஜீ.பீ. வன்தட்டு இடமும் ஆகக் குறைந்த தேவை. 8 ஜீ.பீ. ரேம் உள்ள புதிய கணினியில் இது தாராளமாக ஓடும்.

எனது பரிந்துரை லினக்ஸ்தான். ஸ்கேனர் அதில் வேலை செய்யாவிட்டால் மாத்திரம், முறையான அனுமதி கையில் இருந்தால், பழைய விண்டோஸின் பக்கம் போகலாம்.

படிப்படியாக

வேர்ச்சுவல் பொக்ஸை வைத்தே விளக்குகிறேன்.

முதலாவது, வெளிக் கணினியின் பயோஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதி திறந்திருக்க வேண்டும். இன்டெல் கணினிகளில் வி.டி-எக்ஸ் என்றும் ஏ.எம்.டி. கணினிகளில் ஏ.எம்.டி-வி என்றும் அதைக் குறிப்பிடுவார்கள். இது மூடியிருந்தால் உள் கணினி தொடங்காது.

இரண்டாவது, புதிய இயந்திரம் ஒன்றை உருவாக்கி, அதில் லினக்ஸை நிறுவுங்கள். வெளிக் கணினியின் ரேமில் பாதிக்கு மேல் உள்ளே கொடுக்க வேண்டாம். கொடுத்தால் இரண்டுமே மெதுவாகிவிடும்.

மூன்றாவது, உள் கணினியை முழுமையாக நிறுத்திவிட்டு, அதன் செட்டிங்ஸில் யூ.எஸ்.பி. பகுதிக்குச் செல்லுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பகுதியை மாற்ற முடியாது. அங்கே யூ.எஸ்.பி. 1.1, 2.0, 3.0 என்று மூன்று தெரிவுகள் இருக்கும். இது சாதாரண விடயமாகத் தெரிந்தாலும் பலர் தடுமாறும் இடம் இதுதான். ‘பெரிய இலக்கம் நல்லது’ என்று 3.0 ஐத் தெரிவு செய்வார்கள். எக்ஸ்.பி.க்கும் விண்டோஸ் 7 இற்கும் 3.0 கட்டுப்படுத்தியைப் பாவிக்கத் தேவையான ட்ரைவர் கூடவே வருவதில்லை. விண்டோஸ் 8 இலிருந்துதான் அது உள்ளடக்கப்பட்டது. ஆகவே உள்ளே பழைய விண்டோஸ் இருந்தால் 2.0 ஐத் தெரிவு செய்யுங்கள். தற்கால லினக்ஸ் என்றால் மூன்றில் எதுவும் சரி.

இன்னொரு குறிப்பு. யூ.எஸ்.பி. 2.0 வேண்டுமானால் ‘எக்ஸ்டென்ஷன் பெக்’ என்ற மேலதிகப் பொதியை நிறுவ வேண்டும் என்று பழைய வழிகாட்டிகளில் எழுதியிருப்பார்கள். 2022 ஒக்டோபரில் வெளியான 7.0 பதிப்பிலிருந்து அது அவசியமில்லை. அந்தப் பொதி தனிப்பட்ட பாவனைக்கும் கல்வி நோக்கத்துக்குமே இலவசம் என்பதால், வணிக நிறுவனங்கள் அதை எண்ணாமல் நிறுவிவிடக் கூடாது.

நான்காவது, ஸ்கேனரை மாட்டி, உள் கணினியை இயக்குங்கள். அதன் ஜன்னலின் மேலே டிவைசஸ் என்ற பட்டியலில் யூ.எஸ்.பி. என்பதைத் திறந்தால், வெளிக் கணினியில் மாட்டியிருக்கும் கருவிகளின் பெயர்கள் தெரியும். ஸ்கேனரின் பெயருக்கு நேரே சரி அடையாளம் இடுங்கள். நூலகத்தில் பெயர் மாற்றிப் பதியும் வேலை இதுதான். ஓரிரு விநாடிகளில் உள் கணினி, ‘புதிய கருவி ஒன்று மாட்டப்பட்டது’ என உணரும். லினக்ஸில் இருக்கும் ஆவண ஸ்கேனர் மென்பொருளைத் திறந்து பாருங்கள்.

ஐந்தாவது, ஒவ்வொரு முறையும் அடையாளம் இடுவது தொல்லையாக இருந்தால், அதே யூ.எஸ்.பி. செட்டிங்ஸில் ஒரு வடிகட்டியைச் சேர்க்கலாம். ஒவ்வொரு யூ.எஸ்.பி. கருவியும் மாட்டியவுடன் இரண்டு இலக்கங்களைச் சொல்கிறது. ஒன்று உற்பத்தியாளரின் இலக்கம், மற்றது உற்பத்தியின் இலக்கம். ஒரு மனிதரின் வம்சப் பெயரும் சொந்தப் பெயரும் போல. இந்த இலக்கங்களுடைய கருவி வந்தால் நேரே உள்ளே அனுப்பு என்பதே வடிகட்டியின் வேலை. பட்டியலில் இருந்து ஸ்கேனரைத் தெரிந்து வடிகட்டியை உருவாக்குங்கள். வெறுமையான வடிகட்டியை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். வெறுமை என்றால் ‘எந்தக் கருவியும்’ என்று பொருள். உங்கள் விசைப்பலகையையும் மவுஸையும் கூட உள் கணினி பிடித்துக்கொண்டால், வெளியே கையும் காலும் கட்டப்பட்ட நிலைதான்.

வெளிக் கணினியே லினக்ஸாக இருந்தால் ஒரு மேலதிக வேலை உண்டு. உங்கள் பயனர் கணக்கை வேர்ச்சுவல் பொக்ஸின் யூ.எஸ்.பி. குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இதைச் செய்யும் வரை பட்டியலில் கருவிகள் தெரியமாட்டா.

ஸ்கேன் செய்ததை வெளியே எடுப்பது

ஸ்கேன் செய்த கோப்பு உள் கணினியின் வன்தட்டில் இருக்கிறது. அதை எடுப்பதற்காகப் பென்டிரைவை உள்ளே கொடுத்து, பின் வெளியே எடுத்து மாட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தேவையில்லாத சுற்று. ‘பகிர்வுக் கோப்புறை’ என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. வெளிக் கணினியின் ஒரு கோப்புறையை இரு கணினிகளும் பார்க்கும்படி வைக்கலாம். நூலகப் புத்தகம் ஒருவருக்குத்தான், ஆனால் சுவரில் ஒட்டிய நேர அட்டவணையை எல்லோரும் வாசிக்கலாம் அல்லவா? அதுபோல. இதற்கு மட்டும் ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ என்ற துணைப் பொதியை உள் கணினியில் நிறுவ வேண்டும். யூ.எஸ்.பி. இணைப்புக்கு அது தேவையில்லை.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஸ்கேனர்களில் பல யூ.எஸ்.பி. 1.1 காலத்தவை. அவற்றின் உச்ச வேகம் செக்கனுக்கு 12 மெகாபிட், அதாவது சுமார் 1.5 மெகாபைட். ஒரு ஏ4 தாளை 300 புள்ளி அடர்த்தியில் வர்ணத்தில் ஸ்கேன் செய்தால் சுமார் 26 மெகாபைட் தரவு வரும். கடதாசிக் கணக்கிலேயே அது வந்து சேர 17 செக்கன்களுக்கு மேல் செல்லும். நடைமுறையில் இன்னும் கூடும். இதற்கு உள் கணினியைக் குறைசொல்ல முடியாது. வெறும் எழுத்து ஆவணம் என்றால் சாம்பல் நிறத்தைத் தெரிவு செய்யுங்கள். தரவு மூன்றிலொரு பங்காகக் குறையும்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: உள் கணினி மெய்நிகர், ஆனால் அதில் மாட்டிய பென்டிரைவ் மெய்யானது. உள் கணினியின் நிலையை ஒரு புகைப்படம் போலச் சேமித்து வைத்து, ஏதும் குழம்பினால் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி உண்டு. கணினி ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குப் பயிற்சியளிக்க இது மிகவும் உதவும். ஆனால் உள் கணினியில் இருந்தபடி ஒரு மாணவன் பென்டிரைவை ஃபோர்மட் செய்தால், எந்தப் புகைப்படத்துக்குத் திரும்பினாலும் அதிலிருந்த கோப்புகள் வரமாட்டா. அது அந்தப் புகைப்படத்துக்கு வெளியே உள்ள பொருள். ‘இது பொய்க் கணினி, என்னவும் செய்யலாம்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் இந்த விதிவிலக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு: கழற்றும் ஒழுங்கு. பென்டிரைவோ வெளி வன்தட்டோ உள் கணினியிடம் இருந்தால், முதலில் உள் கணினியில் பாதுகாப்பாக வெளியேற்ற வேண்டும். அதன் பின் பட்டியலில் சரி அடையாளத்தை எடுக்க வேண்டும். கடைசியாகத்தான் கையால் கழற்ற வேண்டும். உள்ளே எழுதி முடிக்காமல் அடையாளத்தை எடுப்பது, ஓடும் கணினியிலிருந்து பென்டிரைவைப் பிடுங்குவதற்குச் சமம்.

மூன்று: மின்சாரம். பழைய ஸ்கேனர்களில் பல தமக்கான மின்சாரத்தை யூ.எஸ்.பி. வயரிலிருந்தே எடுக்கின்றன. ஒரு யூ.எஸ்.பி. 2.0 போர்ட் கொடுக்கக்கூடியது 500 மில்லி அம்பியர். அதைத் தனி மின்சாரமில்லாத ஹப் ஒன்றின் மூலம் நாலு கருவிகளுக்குப் பங்கிட்டால் ஸ்கேனர் நடுவழியில் நின்றுவிடும். இணைப்பு அடிக்கடி அறுந்தால் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பதற்கு முன், ஸ்கேனரைக் கணினியின் போர்ட்டில் நேரடியாக மாட்டிப் பாருங்கள்.

எங்கே இது உதவாது?

எல்லாக் கருவிக்கும் இது மருந்தல்ல. வெப் கெமரா, ஒலிக் கருவிகள் போன்றவை இடைவிடாமல் சீரான நேரத்தில் தரவை அனுப்ப வேண்டியவை. தபால்காரர் ஒரு கணம் தாமதித்தாலும் படம் சிதறும், ஒலி விட்டு விட்டு வரும். கைத்தொலைபேசிகளும் சில சமயம் தொல்லை தரும். சார்ஜ் நிலையிலிருந்து கோப்புப் பரிமாற்ற நிலைக்கு மாறும்போது தொலைபேசி தன் இலக்கத்தை மாற்றிக்கொண்டு புதிய கருவியாகத் தோன்றலாம். பழைய இலக்கத்துக்கு எழுதிய வடிகட்டி அதை அடையாளம் காணாது. அப்போது பட்டியலுக்குச் சென்று கையால் மீண்டும் அடையாளம் இட வேண்டும். ஸ்கேனர், பிரிண்டர், பென்டிரைவ், கணக்கியல் மென்பொருட்களுடன் வரும் அனுமதிச் சாவி ஆகியவையே இம்முறைக்கு நன்றாகக் கட்டுப்படுபவை.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. லினக்ஸில்தான் ஸ்கேனர் வேலை செய்கிறதென்றால், விண்டோஸ் 10 ஓடிய அந்தப் பழைய கணினியிலேயே லினக்ஸை நிறுவி, ஸ்கேனருக்கென ஒரு மூலையில் வைத்துவிடலாமே? தாராளமாக வைக்கலாம். இடமும் மேசையும் இருந்தால் அதுவே இலகுவான வழி. ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது, அதில் விண்டோஸும் வேண்டும், ஸ்கேனரும் வேண்டும் என்ற நிலையில்தான் உள் கணினி கைகொடுக்கிறது. எமது சிறிய பாடசாலைகளிலும் காரியாலயங்களிலும் அந்த நிலைதான் அதிகம்.

“கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் போதாதா?” என்று கேட்பவர்களும் உண்டு. ஓரிரு தாள்களுக்குப் போதும். தைத்துக் கட்டிய, நைந்துபோன பழைய பதிவேடுகளை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்துவதை விட மேலிருந்து படம் எடுப்பதுதான் பதிவேட்டுக்கும் நல்லது. ஆனால் காணி உறுதிகளின் பிரதிகள், சான்றிதழ்கள், பழைய வரவுப் பதிவுத் தாள்கள் என நூற்றுக்கணக்கான தனித் தாள்களை ஒரே அளவில், நிழல் விழாமல், கோணல் இல்லாமல் சேமிக்க வேண்டுமானால் தட்டை ஸ்கேனருக்கு ஈடாக இன்னொன்று இல்லை.

முடிவாக

பொருட் கணக்கெடுப்புக்குப் பொறுப்பானவர்களிடம் ஒரு வேண்டுகோள். கணினிக் கருவியொன்றை ‘பாவனைக்குதவாதது’ என்று எழுதுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கருவி பழுதா, அல்லது அதன் ட்ரைவருக்குப் புதிய விண்டோஸில் இடமில்லையா? இரண்டாவது என்றால், உள் கணினி ஒன்றில் அதைப் பரீட்சித்துப் பார்த்தோமா? தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கும் ஆர்வமுள்ள உயர்தர மாணவர் இருவருக்கும் ஒரு பிற்பகல் நேரம் கொடுத்தால் போதும், விடை கிடைத்துவிடும். பணிசெயல் முறைமை, வன்பொருள், ட்ரைவர் என்று பாடப் புத்தகத்தில் மனனம் செய்தவை கண்ணெதிரே வேலை செய்வதை அந்த மாணவர்கள் காண்பார்கள். சரிவந்தால், புதிய ஸ்கேனருக்கென ஒதுக்கிய பணத்தை வாசிகசாலைக்குப் புத்தகம் வாங்கப் பாவிக்கலாம். சரிவராவிட்டாலும், பரீட்சித்துப் பார்த்த பின்னர்தான் கழித்தோம் என்று பணம் தந்தவர்களுக்குத் தைரியமாகச் சொல்லலாம்.